அன்றாடங்காய்ச்சிப் பறவை: அலாஸ்கா கடலில் மர்கள் பட்டினியில் செத்த கதை

2016 ஜனவரி தொடக்கம். அலாஸ்காவில் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற கடல் பகுதியின் ஒரு மூலையில் விட்டியர் என்று ஒரு சின்னத் துறைமுக ஊர் இருக்கிறது. புத்தாண்டு பிறந்த கையோடு அங்கே கரையோரம் போன பறவை ஆய்வாளர் டேவிட் அயர்ன்ஸ், ஒரு மைல் நீளக் கரையில் கிட்டத்தட்ட 8,000 பறவைகள் செத்துக் கிடப்பதைப் பார்த்தார். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, ஏறக்குறைய ஒரு கிலோ எடை, தூரத்திலிருந்து பார்த்தால் குட்டிப் பெங்குவின் மாதிரி இருக்கும் காமன் மர் என்ற கடல்பறவை. எண்ணெய்க் கப்பல் எதுவும் உடையவில்லை, இறகில் ஒரு கறை கூட இல்லை.

அந்த உடல்களை அறுத்துப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்ப எழுதியது ஒரே விஷயத்தைத்தான். இரைப்பை காலி. தோலுக்கு அடியில் இருக்க வேண்டிய கொழுப்பு சுத்தமாக இல்லை. நெஞ்சுத் தசை கரைந்து, நடு எலும்பு கத்தி விளிம்பு மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கிறது. கோழி உரித்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும். நெஞ்சுக்கறி அந்த எலும்பின் இரண்டு பக்கமும் மேடாக நிறைந்திருக்கும், விரலால் தடவினால் எலும்பு தெரியவே தெரியாது. இந்தப் பறவைகளில் அந்த மேடு குழியாகியிருந்தது. பறவைக் காய்ச்சலா, நச்சுப்பாசியா என்று சோதித்துப் பார்த்தார்கள். அவற்றைப் பிரதான காரணம் என்று சொல்லும் அளவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. செத்தது பசியால்.

விட்டியரில் கிடந்தது மொத்தத்தில் ஒரு சின்னத் துண்டுதான். 2015 கோடையிலிருந்து 2016 வசந்தம் வரை கலிஃபோர்னியா தொடங்கி அலாஸ்கா வரை சுமார் 62,000 மர்கள் கரை ஒதுங்கின. கடலில் சாகிற பறவைகளில் கரைக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் மூழ்கிப்போகும் அல்லது இரையாகும். கடல்பறவை ஆய்வாளர் ஜான் பியாட் முதலானவர்கள் அதையும் கணக்கில் சேர்த்து 2020-இல் வெளியிட்ட மதிப்பீடு 5.4 லட்சத்திலிருந்து 12 லட்சம் வரை. செத்தவற்றில் மூன்றில் இரண்டு பங்கு வளர்ந்த பறவைகள். இதுதான் என்னை உலுக்கிய தகவல். கடல்பறவைகளில் ஒரு கெட்ட வருஷம் வந்தால் குஞ்சுகள் சாகும், முதல் குளிர்காலத்தைத் தாண்டாத இளசுகள் சாகும், பெரியவை எப்படியோ தப்பித்து அடுத்த வருஷம் முட்டை இடும். இங்கே அந்த வழக்கமே தலைகீழானது.

நடந்தது என்ன என்று புரிய, முதலில் இந்தப் பறவையின் உடம்பு எப்படிப் பிழைப்பு நடத்துகிறது என்று பார்க்க வேண்டும்.

மர் ஓர் அன்றாடங்காய்ச்சி. வேறு நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு நாளைக்குத் தன் எடையில் பாதிக்கும் மேல் மீன் தின்றால்தான் அன்றைய செலவு கட்டுப்படியாகும். மூன்று முதல் ஐந்து நாள் தொடர்ந்து இரை கிடைக்காவிட்டால் கதை முடிந்துவிடும். இவ்வளவு செலவு எங்கே போகிறது? குளிர்ந்த கடலில் உடம்புச் சூட்டை 40 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்த இறக்கை. மர் தண்ணீருக்குள்ளும் இறக்கையை அடித்துத்தான் நீந்துகிறது, 150 மீட்டருக்கும் கீழே இறங்கி மீனைத் துரத்தும். நீருக்குள் துடுப்பாக வேலை செய்ய இறக்கை குட்டையாக, விறைப்பாக இருக்க வேண்டும். அதே குட்டை இறக்கையோடு காற்றில் ஒரு கிலோ உடம்பைத் தூக்கிப் பறப்பது பெரும்பாடு. இதன் நெருங்கிய உறவான தடித்த அலகு மர் பறவைகளில் கைல் எலியட் குழுவினர் அளந்து 2013-இல் வெளியிட்டார்கள்: பறக்கும்போது ஆகிற செலவு, சும்மா இருக்கும்போது ஆவதைப் போல 31 மடங்கு. முதுகெலும்புள்ள பிராணிகளில் அதுவரை அளந்ததிலேயே அதுதான் அதிகம்.

இதோடு பேரரசப் பெங்குவினை வைத்துப் பாருங்கள். ஆண் பெங்குவின் அண்டார்டிகக் குளிர்காலத்தில், ஜோடி சேர்வதில் தொடங்கிக் காலின் மேல் முட்டையை வைத்து அடைகாத்து முடிக்கும் வரை, ஏறத்தாழ நான்கு மாதம் ஒன்றும் தின்னாமல் நிற்கும். அதற்குப் பறக்கும் கவலை இல்லை, அதனால் வேண்டிய அளவு கொழுப்பைச் சுமக்கலாம். மர் அப்படிச் சேமித்தால் தண்ணீரை விட்டு எழும்பவே முடியாது. ஆகவே கையில் சேமிப்பு இல்லாமல், இன்றைக்கு உழைத்து இன்றைக்கே தின்று வாழ்கிற உடம்பாக அது ஆகியிருக்கிறது. வட பசிபிக்கில் மீன் நிறைய இருந்த காலம் வரை இந்தப் பிழைப்பு நன்றாகவே நடந்தது. இந்தப் பேரழிவுக்கு முன் அலாஸ்காவில் மட்டும் சுமார் 80 லட்சம் மர்கள் இருந்தன.

சரி, இரை குறைந்தால் உடனே இது தள்ளாடுமா என்றால், இல்லை. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

மர்கள் செங்குத்துப் பாறைகளில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கூட்டமாகக் கூடு வைக்கும். கூடு என்று சொல்வதுகூட மிகை, வெறும் பாறை விளிம்பில் ஒரே ஒரு முட்டை. நல்ல வருஷத்தில் தாய் தகப்பன் இரண்டும் வேலை முடிந்து, குஞ்சுக்குப் பக்கத்தில் சேர்ந்து நின்று பொழுது போக்கும். அந்த ஓய்வு நேரம்தான் மர் வைத்திருக்கும் ஒரே சேமிப்பு. மீன் குறைகிற வருஷத்தில் முதலில் குறைவது இந்த ஓய்வு. ஒன்று குஞ்சோடு நிற்கும், மற்றது தொலைவாகப் போய்த் தேடும், அது வந்தவுடன் இது கிளம்பும். குஞ்சுக்குப் போகிற மீன் எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகவே தெரியும். பாறையில் பறவை இருக்கிறது, குஞ்சு வளர்கிறது, கணக்கெடுப்பிலும் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் ரத்தம் வேறு சொல்லும். அலாஸ்காவின் குக் இன்லெட்டில் 1990-களில் அலெக்ஸாண்டர் கிட்டாய்ஸ்கி, ஜான் விங்ஃபீல்ட், பியாட் ஆகியோர் செய்த வேலை இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கிற ஒன்று. நீளக் கம்பின் நுனியில் கண்ணி கட்டிப் பாறை விளிம்பில் நிற்கும் பறவையை மெல்லப் பிடித்து, இறக்கை நரம்பிலிருந்து சில துளி ரத்தம் எடுக்க வேண்டும். பிடித்ததிலிருந்து மூன்று நிமிஷத்துக்குள். அதற்கு மேல் போனால், பிடிபட்ட பயத்திலேயே ஹார்மோன் ஏறிவிடும், அப்புறம் அந்தத் துளி பறவையின் பசியைச் சொல்லாது, நம் கையைப் பற்றிய பயத்தைத்தான் சொல்லும். அவர்கள் தேடிய ஹார்மோன் கார்ட்டிகோஸ்டீரோன். சிறுநீரகத்தை ஒட்டிய அட்ரீனல் சுரப்பி விடுவது. அதே வளைகுடாவில் ஒரு பக்கம் மீன் செழித்த கல் (Gull) என்ற தீவு, இன்னொரு பக்கம் மீன் வறண்ட சிசிக் தீவுப் பகுதி. இரை குறைந்த இடத்திலும் இரை குறைந்த வருஷத்திலும் கார்ட்டிகோஸ்டீரோன் ஏறியிருந்தது. குஞ்சு எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியாத நிலையிலும் மர்களின் ரத்தத்தில் அது தெரிந்தது.

இந்த ஹார்மோனைக் கெட்டது என்று நினைத்துவிடக் கூடாது. கொஞ்ச நேரத்துக்கு ஏறினால் அது உயிர் காக்கும். சேமிப்பைத் திறந்துவிடும், பறவையை உட்காரவிடாமல் தேட விரட்டும், இப்போதைக்குத் தேவையில்லாத வேலைகளை ஓரம் கட்டும். நாள்கணக்கில் ஏறியே இருந்தால்தான் வினை. கிட்டிவேக் என்ற கடற்காக்கை இனத்தில் செய்த சோதனைகளில், இந்த ஹார்மோனைச் செயற்கையாக ஏற்றினால் புரோலாக்டின் இறங்குகிறது. பெற்றோரைக் கூட்டோடு கட்டிவைக்கும் ஹார்மோன் அதுதான். அது இறங்கினால் கூட்டில் இருக்கும் நேரம் குறைகிறது. அதாவது பசித்த பறவை முட்டையை விட்டுவிட்டுப் போவதை அலட்சியம் என்று சொல்லவே முடியாது. நீண்ட ஆயுள் உள்ள பறவைக்கு இந்த வருஷத்து முட்டையை விடத் தன் உயிர் பெரிது, அடுத்த இருபது வருஷம் முட்டை இடலாம். அந்தக் கணக்கை உடம்பே போட்டு முடிவும் எடுத்துவிடுகிறது. 2015-இலும் அதற்கடுத்த இரண்டு வருஷங்களிலும் மர் குடியிருப்புகளில் ஒரு குஞ்சுகூடத் தேறாத பருவங்கள் என்று 22 பதிவாயின. எனக்கு அந்த எண்ணில் தெரிவது பெற்றோரின் உடம்பு எடுத்த முடிவு.

பட்டினி கிடக்கும் பறவையின் உடம்புக்குள் மூன்று கட்டம் உண்டு. பெங்குவின்களை வைத்து பிரெஞ்சு ஆய்வாளர்கள் விரிவாக வகுத்தது. முதல் கட்டம் சிறியது. ஈரலில் இருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு தீரும், உடம்பு செலவைச் சுருக்கும். இரண்டாம் கட்டத்தில் கொழுப்பு எரியும், புரதத்தில் முடிந்தவரை கை வைக்காது. பெங்குவினின் நான்கு மாத விரதத்தில் பெரும்பகுதி இந்த இரண்டாம் கட்டம்தான். கொழுப்பு ஓர் எல்லைக்குக் கீழே போனதும் மூன்றாம் கட்டம் தொடங்கும். தசை கரையத் தொடங்கும், ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறும், கார்ட்டிகோஸ்டீரோன் எகிறும். பெங்குவின் முட்டையை விட்டுவிட்டுக் கடலை நோக்கி நடக்கத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். கடல் வரை நடக்க வேண்டிய தெம்பு மிச்சம் இருக்கும்போதே மணி அடிக்கிறது.

மர் பறவைக்கு இந்த இரண்டாம் கட்டம் மிகக் குறுகியது. அப்புறம் நேரே தசைக்கு வந்துவிடும். எந்தத் தசை? பெரிதாக இருப்பது நெஞ்சுத் தசைதான், இறக்கையை அடிப்பதும் அதுதான். விதைநெல்லை எடுத்து உலையில் போடுகிற குடும்பத்தின் நிலைமை இது. இன்றைக்குப் பசி ஆறும், நாளைக்கு விதைக்க ஒன்றும் இராது. தசை குறையக் குறைய ஆழம் இறங்க முடியாது, ஆழம் இறங்காவிட்டால் மீன் கிடைக்காது. தோலடிக் கொழுப்பு போனதால் குளிர் உள்ளே ஏறும், குளிரைத் தாங்க இன்னும் அதிகம் எரிக்க வேண்டும். நீண்ட பட்டினியில் குடலும் சுருங்கும் என்பதால், தாமதமாகக் கிடைக்கும் மீனைச் செரிக்கிற திறனும் குறைந்திருக்கும். அந்தக் குளிர்காலத்தில் மர்கள் கடலை விட்டு உள்நாட்டு ஏரிகளிலும் பனி மூடிய சாலையோரங்களிலும் வந்து விழுந்தன. கடலிலேயே வாழ்ந்து கடலிலேயே சாகிற பறவை ஒன்று மரங்களுக்கு நடுவே பனியில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். தரையிலிருந்து எழும்ப அதனால் முடியாது, எழும்பத் தண்ணீரில் ஓட்டம் வேண்டும்.

அந்தக் கடலில் அப்போது மீனே இல்லையா? இந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த நிகழ்விலேயே கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி.

2013 கடைசியிலிருந்து வடகிழக்கு பசிபிக்கில் ஒரு மாபெரும் வெதுவெதுப்பான நீர்த்திட்டு உருவானது. வாஷிங்டன் மாநிலக் காலநிலை அறிஞர் நிக் பாண்ட் அதற்கு ‘பிளாப்’ என்று பெயர் வைத்தார். இடத்துக்கு இடம் நீர் வழக்கத்தை விட 2, 3 டிகிரி சூடாக இருந்தது, 2016 வரை நீடித்தது. 2 டிகிரி என்றால் நமக்கு ஒன்றுமில்லை, மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டினால் போதும். மீனுக்கு அப்படி இல்லை. மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். தண்ணீர் சூடானால் அதன் உடம்பு வேகமாக எரியும், அதே எடையில் இருக்கவே கூடுதலாகத் தின்ன வேண்டும்.

இதனால் இரண்டு பக்கமிருந்தும் நெருக்கடி. கீழே, குளிர்நீரில் வாழும் கொழுத்த பெரிய கோப்பிபாட்கள் (நீரில் மிதந்து திரியும் பொடி உயிர்கள்) குறைந்து, கொழுப்பில்லாத சின்ன வெதுநீர் கோப்பிபாட்கள் பெருகின. அவற்றைத் தின்னும் சிறு மீன்கள் மெலிந்தன. மேலே, காட், போலக் போன்ற பெரிய மீன்களுக்கு வெப்பத்தால் பசி கூடி, மர்கள் தேடுகிற அதே சிறு மீன்களை அவை தின்று தீர்த்தன. லேத் பட்டறையில் இரும்பை இரண்டு தாடையால் இறுக்கிப் பிடிக்கிற வைஸ் இருக்கிறதல்லவா, பியாட் அந்த உவமையைத்தான் சொன்னார். நடுவில் மாட்டிக்கொண்டது சிறு மீன், அதை நம்பியிருந்த மர் அதோடு சேர்ந்து நசுங்கியது. அந்தப் பெரிய மீன்களும் தப்பவில்லை. அலாஸ்கா வளைகுடாவில் காட் மீன் வளம் அப்படிச் சரிந்ததால் 2020-இல் கூட்டரசு நீர்ப்பகுதியில் அந்த மீன்பிடியையே மூடினார்கள்.

சேண்ட் லேன்ஸ் என்று ஒரு மீன், பென்சில் மாதிரி ஒல்லியாக, வெள்ளியாக இருக்கும், கடல்பறவைகளின் முக்கிய இரை. அதே பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் வனெஸ்ஸா வான் பீலா குழுவினர் 2012 முதல் 2016 வரை ஒவ்வொரு ஜூலையிலும் அதைப் பிடித்து அளந்தார்கள். ஒரு வயது மீன் ஒன்றில் இருக்கும் மொத்த ஆற்றல், குளிர்ந்த வருஷங்களோடு ஒப்பிட்டால், 2015-இல் 44 சதவீதம் குறைந்தது. 2016-இல் 89 சதவீதம் குறைந்தது. நீளமே 38 சதவீதம் குறைவு. நம்மூரில் சாளை எண்ணெய் ஏறிய பருவத்தில் ருசியே தனி, மற்ற பருவத்தில் அதே மீன் சக்கையாக இருக்கும் என்பது மீன் தின்பவர்களுக்குத் தெரியும். இது அதையெல்லாம் தாண்டிய வித்தியாசம். ஒரு மீன் தந்ததை ஈடுகட்ட ஒன்பது மீன் வேண்டும். மர் தன் குஞ்சுக்கு ஒரு தடவைக்கு ஒரே ஒரு மீனைத்தான் அலகில் நீளவாக்கில் கவ்விக்கொண்டு வரும். அந்த ஒற்றை மீனுக்காக 31 மடங்கு செலவில் பறந்து போய், ஆழத்தில் மூழ்கி, திரும்பப் பறந்து வர வேண்டும். மீன் கிடைத்தாலும் நஷ்டம்தான்.

காலமும் கெட்ட காலமாக வாய்த்தது. மர்கள் கோடை முடிந்ததும் இறக்கைச் சிறகுகளை ஒட்டுமொத்தமாக உதிர்த்து, சில வாரங்கள் பறக்க முடியாமல் கடலில் மிதக்கும். மூன்று வார வயதிலேயே குஞ்சு பாறையிலிருந்து குதித்துவிடும், அப்போது அதன் எடை பெற்றோரில் கால் பங்குதான். தகப்பன் கூடவே நீந்திப் போய்க் கடலில் வைத்தே இன்னும் ஒன்று, இரண்டு மாதம் ஊட்டும். ஆகவே இலையுதிர் காலத்து ஆண் மர் ஒரே சமயத்தில் சிறகு முளைக்க வைக்கிறது, பறக்க முடியாமல் இருக்கிறது, பிள்ளையையும் வளர்க்கிறது. அந்த நேரத்தில் இரை இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் வேறு இடம் தேடிப் போக வழியே கிடையாது. 2016 அக்டோபரிலிருந்து பெரிங் கடலில் செயின்ட் பால் தீவுக் கரையில் மர் குடும்பத்தைச் சேர்ந்த கொண்டைப் பஃபின்கள் செத்து ஒதுங்கியபோதும் பல பறவைகள் சிறகு மாற்றும் நிலையில்தான் இருந்தன.

செத்ததைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். பிழைத்த குஞ்சுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரை குறைந்தால் பஃபின் குஞ்சு எல்லா உறுப்பையும் ஒரே அளவில் சுருக்குவதில்லை. தலைக்கும் இறக்கைக்கும் முதலில் கொடுத்துவிட்டு மற்றதைப் பட்டினி போடும். இறக்கை வளர்ந்தால்தான் கூட்டை விட்டுத் தப்பிக்கலாம். கிட்டிவேக் குஞ்சுகளுக்குக் கார்ட்டிகோஸ்டீரோனை ஏற்றிப் பார்த்தபோது அவை அதிகம் கத்தின, பெற்றோரும் அதிகம் ஊட்டின, ஆகவே அந்த நேரத்துக்கு லாபம். ஆனால் வளர்ந்த பிறகு, எந்த அடையாளத்துக்குப் பின்னால் உணவு இருக்கிறது என்று கற்றுக்கொள்ளும் சோதனையில் அவை பின்தங்கின. செங்கால் கிட்டிவேக் குஞ்சுகளுக்குக் கொழுப்பு குறைந்த இரையை மட்டும் கொடுத்து வளர்த்தபோதும் அதே விளைவு. வயிறு நிறைந்தாலும் சத்து இல்லாவிட்டால் கற்கும் திறன் அடிபடுகிறது. கடலில் மீன் இருக்கும் இடத்தைக் கற்றுத்தான் பிழைக்க வேண்டிய பறவைக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு! கணக்கெடுப்பில் அது ‘பிழைத்த குஞ்சு’ என்றுதான் பதிவாகும்.

கரையில் சடலம் எண்ணுவதோடு கணக்கு முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். அலாஸ்காவின் குடியிருப்புகளில் வருஷா வருஷம் பறவை எண்ணுகிறவர்கள் காத்திருந்தார்கள், மர்கள் வேறெங்காவது போயிருக்கலாம், திரும்பி வரும் என்று. 2024 டிசம்பரில் ஹெதர் ரென்னர் குழுவினர் முடிவை வெளியிட்டார்கள். 13 குடியிருப்புகளில் 2008–2014 எண்ணிக்கையையும் 2016–2022 எண்ணிக்கையையும் ஒப்பிட்டால், அலாஸ்கா வளைகுடாவில் பாதி காணோம், கிழக்கு பெரிங் கடலில் நான்கில் மூன்று பங்கு காணோம். மொத்தம் சுமார் 40 லட்சம் மர்கள். பழைய மதிப்பீட்டை விடப் பல மடங்கு. 1989-இல் எக்ஸான் வால்டீஸ் கப்பல் எண்ணெய் கொட்டியதில் செத்த கடல்பறவைகள் எல்லா இனமும் சேர்த்து 2.5 லட்சம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பு. அந்த விபத்துக்கு வழக்கு நடந்தது, சட்டம் வந்தது. இந்த 40 லட்சத்துக்குப் பிடிக்க ஒரு கப்பல்கூட இல்லை.

2016-க்குப் பின் கடல் ஓரளவு குளிர்ந்தது. ஆனாலும் எண்ணிக்கை ஏறவில்லை. மர் நான்கைந்து வயதுக்கு மேல்தான் முட்டை இடத் தொடங்கும், அதுவும் வருஷத்துக்கு ஒன்று. அதைவிடப் பெரிய சிக்கல் பாறை விளிம்பிலேயே இருக்கிறது. கூடு கட்டாத இந்தப் பறவைக்குக் கூட்டம்தான் மதில். இடைவெளி இல்லாமல் நெருக்கி நின்று, அலகை நீட்டி, முட்டை திருட வரும் கடற்காக்கையைத் தடுக்கும். இப்போது வரிசையில் பாதிப் பறவை இல்லை. கழுகு ஒன்று பாறைக்கு முன்னால் பறந்தால் மிரண்டு எல்லாம் எழும்பும். காலியான விளிம்பில் கடற்காக்கை இறங்கி நிதானமாக முட்டைகளைக் குத்தும். மர்கள் திரும்பி வந்து, ஓடு கிடக்கும் அதே இடத்தில் நிற்கும்.